வண்டி ஒண்ணுதான்... வாசல் ஒண்ணா?

எல்லாருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே டயர், அதனால ஜெயிக்கிறது திறமை மட்டும்தான். மோட்டார் ரேஸ் நடத்துறவங்க மைக்கைப் பிடிச்சா மொத வார்த்தையா இதைத்தான் சொல்றாங்க. 'ஒன் மேக் சாம்பியன்ஷிப்'னு இதுக்குப் பேரு. வளர்ற பசங்களுக்கான போட்டின்னா பெரும்பாலும் இந்த வகைதான். கேக்குறதுக்கு சமபந்தி போஜனம் மாதிரி ஜோரா இருக்கு. ஆனா மண்டபத்து வாசல்லயே ஒருத்தர் நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு, "மொய் எவ்வளவு எழுதுவீங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள விடுறார்னா, அது என்னங்க சமபந்தி?

இந்தப் பதிவு அந்த வாசலைப் பத்தித்தான். ரேஸ் பிடிக்காத மக்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்க வீட்டு வரிப்பணமும், நீங்க ஆபீஸ் போற ரோடும் இதுல சம்பந்தப்பட்டிருக்கு.

கட்சி ஊர்வலம் இல்ல மக்கா

ரேலின்னதும் நம்மூர்ல பைக்ல கொடி கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுட்டுப் போறதுன்னு நினைச்சுடாதீங்க :-) இது நிஜ ரேலி. வட்டமா போட்ட ட்ராக் கிடையாது. சாதாரண ஊர் ரோட்டையோ மண் ரோட்டையோ சில மணி நேரம் மூடிடுவாங்க. வண்டிகளை ஒண்ணு போனப்புறம் ஒண்ணா, இடைவெளி விட்டு அனுப்புவாங்க. யார் கம்மி நேரத்துல அந்தத் துண்டு ரோட்டைக் கடந்தாங்கன்னு கணக்கு. அந்தத் துண்டுக்குப் பேரு ஸ்டேஜ். பக்கத்து சீட்ல ஒருத்தர் உக்காந்து, "இடது வளைவு, அடுத்து மேடு, அதுக்கப்புறம் சட்டுனு வலது"ன்னு முன்னாடியே எழுதி வெச்ச குறிப்பைப் படிச்சுக்கிட்டே வருவார். ஓட்டுறவர் பாதி கண்ணால ஓட்டுறார், பாதி காதால ஓட்டுறார்.

இதுல உலக அளவுல இளம் ஓட்டுநர்களுக்குன்னு இருக்கிறது ஜூனியர் டபிள்யூஆர்சி. சுத்தமான ஒன் மேக். 2024 சீசனை எடுத்துக்குங்க. வந்த எல்லாருக்கும் ஒரே ஃபோர்டு ஃபியஸ்டா ரேலி3. 1.5 லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ, நாலு சக்கரத்துக்கும் இழுவை. வண்டியைத் தயார் பண்றதும் போலந்துல இருக்கிற ஒரே எம்-ஸ்போர்ட் பட்டறைதான். ஸ்வீடன், குரோஷியா, இத்தாலியோட சார்டீனியா, ஃபின்லாந்து, கிரீஸ்னு அஞ்சு ரேலி. ஸ்வீடன்ல ஆணி பதிச்ச டயர் போட்டுக்கிட்டு பனியில ஓட்டணும். குரோஷியாவுல தார் ரோடு. சார்டீனியாவுல குறுகலான மண் ரோடு. ஃபின்லாந்துல மேட்டுல ஏறி வண்டி பறக்கும். கிரீஸ்ல கல்லும் முள்ளும் வெயிலும். முழு ரேலியில முடிக்கிற இடத்துக்குக் கிடைக்கிற பாயின்ட் போக, ஒவ்வொரு ஸ்டேஜ் ஜெயிச்சாலும் தனியா ஒரு பாயின்ட். ஆக, பதுங்கிப் பதுங்கி ஓட்டி முடிச்சா போதும்னு இருக்க முடியாது, கண்ணை மூடிக்கிட்டு விரட்டவும் முடியாது.

அந்த வருஷம் ஜெயிச்சது எஸ்தோனியாக்காரர் ரோமெட் யுர்கென்சன். பக்கத்து சீட்ல சீம் ஓயா. பரிசு வெறும் கோப்பை கிடையாது. அடுத்த வருஷம் ஒரு படி மேல இருக்கிற டபிள்யூஆர்சி2-ல ஃபியஸ்டா ரேலி2 ஓட்டுற வாய்ப்பு.

எனக்கு அவர் ஜெயிச்சதைவிட, எப்படி உள்ள வந்தாருங்கிறதுதான் முக்கியம். எஃப்.ஐ.ஏ. 2021-ல 'ரேலி ஸ்டார்'னு ஒரு தேடலை ஆரம்பிச்சுது. 17-லிருந்து 26 வயசுக்குள்ள இருக்கணும். கம்ப்யூட்டர் கேம்ல ரேலி ஓட்டிக் காட்டுறது, மைதானத்துல கூம்பு வெச்சு அதைச் சுத்தி ஓட்டுற ஸ்லாலம், இந்த மாதிரி செலவு கம்மியான வழிகள்ல நாடு நாடா பொறுக்கி, அப்புறம் கண்டம் கண்டமா இறுதித் தேர்வு வெச்சாங்க. எஸ்தோனியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, பெரு, ஓமன்னு தேறின பசங்களுக்கு 2023 முழுக்கப் பயிற்சி. அந்தக் கூட்டத்துல இருந்து வந்தவர்தான் யுர்கென்சன். செலவை வேற ஒருத்தர் ஏத்துக்கிட்டு, திறமையை மட்டும் பார்த்து எடுத்த பையன், காசு கட்டி வந்தவங்க கூடவும் மோதி உலகப் பட்டம் அடிச்சார். அந்தக் கடைசிப் பட்டியல்ல இந்தியப் பேரு ஒண்ணுகூட கிடையாது.

ஜூனியர் தொடர்லயும் பெரும்பாலானவங்க ஸ்பான்ஸரோ வீட்டுக் காசோ கொண்டுவந்துதான் ஓட்டுறாங்க. அவங்க ஒண்ணும் தர்மசத்திரம் நடத்தலை. ஆனா காசு இல்லாதவன் நுழைய ஒரு சின்ன கதவையாவது தொறந்து வெச்சாங்க. அந்தக் கதவு வழியா வந்தவனே பட்டத்தை எடுத்துட்டுப் போயிட்டான். என் வாதமே இவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியன் ஒருத்தர்

பிரான்ஸ்ல இது பழைய கதை. அங்க 'ரேலி ஜூன்'னு இளைஞர்களைத் தேடுற திட்டம் ரொம்ப நாளா இருந்துது. எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துட்டிருந்த செபாஸ்டியன் லோப் 1990-கள்ல அதுல கலந்துக்கிட்டார். தேர்வாகலை. ஆனா அங்க அவர் ஓட்டினதைப் பார்த்தவங்க கைதூக்கி விட்டாங்க. சிட்ரோயன் சாக்ஸோ ஒன் மேக் கோப்பை வழியா ஏறி, 2001-ல ஜூனியர் பட்டம், 2004-லிருந்து 2012 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டம். அடுத்து வந்த செபாஸ்டியன் ஓஜியே 2005-ல அதே தேடல்ல ஜெயிச்சவர். பெஜோ 206 கோப்பை (இதுவும் ஒன் மேக்தான்), 2008-ல ஜூனியர் பட்டம், அப்புறம் 2013-க்கும் 2021-க்கும் நடுவுல எட்டு உலகப் பட்டம்.

அங்க ஒன் மேக் கோப்பைங்கிறது ஏணியோட ரெண்டாவது படி. மொத படி தேடல். நாம மொத படியைக் கழட்டி வீசிட்டு, ரெண்டாவது படியில இருந்து ஏணியைச் சாத்தி வெச்சிருக்கோம். கால் எட்டுறவன் ஏறிக்கோன்னு.

இது பணக்கார வெள்ளைக்காரன் கதைன்னு ஒதுக்குறவங்களுக்கு: 2022-ல கென்யாவோட மெக்ரே கிமாத்தி இதே ஜூனியர் தொடர்ல ஸ்வீடன் பனியில ஃபியஸ்டா ஓட்டினார். கென்யாவுல பனி எங்கய்யா இருக்கு?

நம்ம கதை

நம்மகிட்ட ஆளில்லைன்னு சொல்லாதீங்க. இந்தியாவோட மோட்டார் ரேஸ் தலைநகரமே தமிழ்நாடுதான். கோயமுத்தூர் கரிவர்தன் 1980-கள் கடைசியில மாருதி 800 இன்ஜினைத் தூக்கி ஒத்தை சீட்டு ரேஸ் கார்ல வெச்சார். 'ஃபிஸ்மி'ன்னு கூப்பிட்ட அந்த ஃபார்முலா மாருதி வண்டி வந்ததாலதான் ஒரு தலைமுறையே ரேஸ் பழகுச்சு. வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ண வேண்டாம், இன்ஜின் போச்சுன்னா தெருமுனை மெக்கானிக்கே பார்ப்பார். அந்த மனுஷன் 1995-ல விமான விபத்துல போயிட்டார். செட்டிபாளையத்துல 2003-ல தொறந்த ட்ராக்குக்கு அவர் பேரு. இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990-லிருந்து இருக்கு. ரேலிக்கு கோவை கேத்தனூர் காத்தாலைக் காட்டு மண் ரோடுங்க. எல்லாம் இருக்கு.

ஆனா நாட்டுக்கு ஃபார்முலா ஒன்ல கிடைச்சது ரெண்டே ரெண்டு பேரு. 2005-ல நரேன் கார்த்திகேயன், 2010-ல கருண் சந்தோக். ரெண்டு பேரும் நம்மூர்க்காரங்க, பெருமைதான். நரேனோட அப்பா தென்னிந்திய ரேலி ஜெயிச்சவர். கருணோட அப்பாவும் ரேலி ஓட்டினவர், தாத்தா மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அவங்க திறமையைக் குறைச்சுச் சொன்னா என் நாக்கு அழுகிடும். நான் கேக்குறது வேற. நூறு கோடி தாண்டின ஜனத்தொகையில அந்த அளவு கை-கால் வேகம் ரேஸ்கார குடும்பங்கள்ல மட்டும்தான் பொறக்குமா? புள்ளியியல் படிச்ச பதிவர்கள் யாராவது விளக்குங்கப்பா.

இப்ப சென்னைக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுத்தி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம்னு மூணரை கிலோமீட்டர் ரோட்டை ரேஸ் ட்ராக்காக்கி, ராத்திரியில விளக்கு போட்டு நடத்தினாங்க. 2023 டிசம்பர்லயே நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல்ல தள்ளிப்போச்சு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து நடத்தினது. அரசுப் பணம் பத்தி கோர்ட் வரைக்கும் போன சங்கதி எல்லாருக்கும் தெரியும், அதை இங்க கிளறலை. அங்க ஓடினதுல முக்கியமானது ஃபார்முலா 4 இந்திய சாம்பியன்ஷிப். இதுவும் 'வளரும் ஓட்டுநர்களுக்கான' ஒன் மேக்தான். எல்லாருக்கும் ஒரே மைகேல் வண்டி. 15 வயசுல இருந்து ஓட்டலாம்.

இந்த 'இந்திய' தொடரோட மொத சாம்பியன், 2023-ல, ஆஸ்திரேலியாவோட கூப்பர் வெப்ஸ்டர். 2024-ல தென்னாப்பிரிக்காவோட அகில் அலிபாய். நல்லா ஓட்டினாங்க, ஜெயிச்சாங்க, வாழ்த்துகள். வெளிநாட்டுப் பசங்க வரக்கூடாதுன்னு நான் குறுக்க நிக்கலை, போட்டி இருந்தாத்தான் நம்ம பசங்களும் தேறுவாங்க. ஆனா நம்ம ரோட்டை மூடி, நம்ம போலீஸை நிறுத்தி நடத்துற போட்டியில, நம்ம மாவட்டத்துப் பையன் ஒருத்தன் ஓட்டிக் காட்ட ஒரு நாளாவது, ஒரு தேர்வாவது வெச்சிருக்கணுமா இல்லையா?

சாரதி யாரு, மாட்டுக்காரர் யாரு?

கூமாப்பட்டி பேரு 2025 ஜூன்ல ரீல்ஸ்ல உலகம் பூரா சுத்துச்சு. தண்ணியையும் தென்னந்தோப்பையும் பார்க்க வண்டி கட்டிட்டு வந்தாங்க. வந்தவங்க பார்க்காத ஒண்ணு, இங்க இருக்கிற ஓட்டுநர்கள். தோப்புக்குள்ள ஈர வரப்பு ஓரத்துல தேங்காய் லோடோட குட்டி யானையைப் பின்னாலயே ஓட்டிட்டு வர்றவன் இருக்கான். ட்ரெய்லர் கோத்த டிராக்டரை ஒரே மடக்குல களத்துல திருப்புறவன் இருக்கான். வத்திராயிருப்புல இருந்து மலையடிவாரம் வரைக்கும் எந்த வளைவுல மண்ணு கிடக்கும், எங்க மாடு குறுக்க வரும்னு மனப்பாடமா சொல்றவன் இருக்கான். ரேலிக்காரன் ரெண்டு நாள் பார்த்து எழுதிக்கிற குறிப்பை இவன் மண்டையில வெச்சிருக்கான்.

என் அக்கா பையன் இந்த ரகம். லோடு வண்டிதான் பொழப்பு. அவனுக்காக ஒரு கிளப்புக்குப் போன் போட்டேன். எப்படி சேரணும்னு கேட்டேன். அந்தப் பக்கம் மரியாதையாத்தான் பேசினாங்க. வயசு கேக்கலை, என்ன வண்டி ஓட்டுவான்னு கேக்கலை. மொத கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார் வெச்சிருக்கீங்க?" ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த பய சிரிச்சுட்டு, "மாமா, லோடு இருக்கு, வர்றேன்"னு கிளம்பிட்டான்.

இதே மண்ணுல மாட்டு வண்டிப் பந்தயம் நடக்குது. தெக்கத்திப் பக்கம் பார்த்தவங்களுக்குத் தெரியும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு வகுப்பு பிரிச்சு, காலையில ரோட்டை மூடி விடுவாங்க. ஓட்டுற சாரதி ஒருத்தர், கூட துணைச் சாரதி ஒருத்தர். ரேலி மாதிரியே இருக்கா? இருக்கட்டும். முக்கியமான விஷயம் இதுதான்: மாட்டுக்காரர் வேற, சாரதி வேற. மாடு வாங்கி, பருத்திக்கொட்டை போட்டு வளர்க்கிறவர் காசுக்காரரா இருக்கலாம். ஆனா அவர் புள்ளையைத் தூக்கி வண்டியில உக்கார வெக்க மாட்டார். மாடு ஜெயிக்கணும்ல! ஊர் ஊரா விசாரிச்சு, எந்தக் கூலிக்காரர் மகன் நல்லா ஓட்டுறானோ அவனைத்தான் கூப்பிட்டு கயித்தைக் குடுப்பார். குதிரைப் பந்தயத்துலயும் ஜாக்கி குதிரை வாங்கிட்டு வர்றதில்ல.

கார் ரேஸ்லதான் சாரதியே மாட்டுக்குக் காசு கட்டணும். அப்படிக் கட்ட முடிஞ்சவங்களுக்குள்ள ஒரே மாதிரி வண்டி குடுத்து, 'திறமைக்கு மட்டுமே மதிப்பு'ன்னு பேனர் வெக்கிறது என்ன நியாயம்?

பைக்ல இந்த அளவு மோசமில்ல. டிவிஎஸ் 1994-லிருந்து ஒன் மேக் நடத்துது. தேர்வுச் சுற்று வெச்சு நேரம் பார்த்து எடுக்கிறாங்க, வண்டி கம்பெனியோடது. ஹோண்டாவும் 2018-லிருந்து டேலன்ட் கப்னு சின்னப் பசங்களுக்கு நடத்துச்சு. 2011-ல சஹாரா ஃபோர்ஸ் இந்தியா கார்ட்டிங்ல ஒரு தேடல் நடத்துச்சு. அதுல எடுத்த மூணு பேர்ல ஒருத்தர்தான் பின்னாடி ஃபார்முலா 2 ரேஸே ஜெயிச்ச ஜெஹான் தாருவாலா. கார்ட்டிங் ட்ராக் இருக்கிற பெரிய ஊர்ல மட்டும் தேடியே இவ்வளவு கிடைச்சுதுன்னா, ட்ராக்கே இல்லாத ஊர்ல தேடினா எவ்வளவு கிடைக்கும்? தேடினா கிடைக்குதுய்யா. தேடுறதில்லைங்கிறதுதான் வியாதி.

வரப்போற கல்லடிக்கு முன்கூட்டியே பதில்

ஒண்ணு: "உசுருக்கு ஆபத்து." ஆமா, ஆபத்துதான். 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி சென்னை ட்ராக்ல புதுமுகங்களுக்கான பைக் ஒன் மேக் ரேஸ்ல 13 வயசுப் பையன் செத்துப்போனான். 2019-ல ராஜஸ்தான்ல ரேலி நடந்துட்டிருந்த ரோட்டுக்குள்ள பைக்ல வந்த ஒரு குடும்பத்துல மூணு பேர் போயிட்டாங்க. இதை மறைச்சுட்டு நான் ரேஸுக்கு வக்காலத்து வாங்கலை. அதனாலதான் சொல்றேன், 18 வயசு, லைசன்ஸ், ஹெல்மெட், ஆம்புலன்ஸ், ஒரு நேரத்துல ஒரே வண்டி. கூம்பு சுத்துற ஸ்லாலம்ல வேகமே பெருசா வராது. இப்ப என்ன நடக்குது? வேகம் காட்ட இடமில்லாத பய ராத்திரி பத்து மணிக்கு மெயின் ரோட்டுல காட்டுறான். 2019-ல சட்டத்தைத் திருத்தி, சிறுவன் வண்டி ஓட்டினா அப்பனுக்கு மூணு வருஷம் ஜெயில், 25,000 ரூவா அபராதம்னு வெச்சாச்சு. தண்டனை கிராமம் வரைக்கும் வந்திருச்சு. மைதானம் வரலை.

ரெண்டு: "காடு, புலி, அணில்." நம்ம மலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அது பக்கத்துலயே ரேஸ் சத்தம் கேக்கக்கூடாது. நானே மொத ஆளா மறியல் பண்ணுவேன். எனக்கு வேண்டியது ராஜபாளையத்துலயோ விருதுநகர்லயோ ஊருக்குள்ள ஒரு பொட்டல் மைதானம். அவ்வளவே.

மூணு: "சோத்துக்கே சிங்கியடிக்கிறப்ப ரேஸ் ஒரு கேடா?" இந்தக் கேள்வியை தீவுத்திடல்ல கேட்டிருந்தா உங்களுக்குக் கும்பிடு போட்டிருப்பேன். அங்க விளக்கு போட்டப்ப 'உலகத் தரம்'னுட்டு, கூமாப்பட்டிப் பையனுக்கு ஒரு நாள் தேர்வு கேட்டா மட்டும் சோறு ஞாபகம் வருதா?

சரி, என்னதான்யா வேணும்?

1. மாவட்டத்துக்கு வருஷம் ஒரு நாள் ஸ்லாலம் தேர்வு. ஒரே மாதிரி மூணு பழைய மாருதி போதும். ஒன் மேக்னா இது ஒன் மேக். நுழைவுக் கட்டணம் டீ, வடை காசுக்கு மேல போகக்கூடாது. முதலமைச்சர் கோப்பைன்னு மாவட்டம் மாவட்டமா அத்தனை விளையாட்டு நடக்குதே, அதுல ஒரு வரி சேருங்க.

2. அரசுப் பணமோ பொது ரோடோ வாங்கி நடக்கிற எந்த இளையோர் தொடரா இருந்தாலும், ரெண்டு சீட்டு இந்தத் தேர்வுல ஜெயிச்சவங்களுக்கு. முழு சீசனும். ஒரு ரேஸ் ஓட்ட விட்டு போட்டோ எடுத்து அனுப்புற வேலை வேண்டாம்.

3. பக்கத்து சீட்டுக்கும், பட்டறைக்கும் ஆள் எடுங்க. ஐடிஐ முடிச்ச பசங்க இங்க நிறைய. ரேலி ஒரு ஆள் விளையாட்டு இல்ல.

4. விதிமுறை, லைசன்ஸ் வாங்குற முறை எல்லாத்தையும் தமிழ்ல போடுங்க. இதுக்குக் காசே ஆகாது. இதைக்கூட செய்யலைன்னா நீங்க யாரை உள்ள விட விரும்பலைங்கிறது வெட்டவெளிச்சம்.

இதெல்லாம் செஞ்சா நாளைக்கே கூமாப்பட்டியில இருந்து ஒரு லோப் வந்துடுவான்னு நான் ஜோசியம் சொல்லலை. நூத்துல தொண்ணூத்தொன்பது பேரு தோத்து, மறுநாள் லோடு ஏத்தப் போயிடுவாங்க. போகட்டும். ஸ்டாப்வாட்ச்கிட்ட தோத்துட்டுப் போறது ஒரு மனுஷனுக்கு கௌரவம். பட்ஜெட் கேட்டவர்கிட்ட தோத்துட்டுப் போறது கௌரவம் இல்ல. அதுக்கப்புறம் எத்தனை வண்டியை ஒரே மாதிரி செஞ்சு வரிசையா நிறுத்தினாலும், அந்த வரிசையைத் தீர்மானிச்சது பணம்தான்.

டிஸ்கி 1: ஃபார்முலா 4-க்கு ரோடு மூடினதால ஆபீஸுக்கு லேட்டானவங்க உங்க கடுப்பைப் பின்னூட்டத்துல கொட்டலாம். ஆனா மேல இருக்கிற நாலு கோரிக்கைக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கொட்டுங்க.

டிஸ்கி 2: அக்கா பையன் இதைப் படிச்சுட்டு, "மாமா, மூணாவது கோரிக்கையில என் பேரைப் போட்டிருக்கலாம்ல"ன்னான். பயலுக்கு லட்சியம் பட்டறையோட நின்னுருச்சு. ஒண்ணாவது கோரிக்கையைப் படிலேன்னு சொல்லியிருக்கேன்.